மாமித்தா சொன்ன ஒரே வாக்கியம்

தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். ஆனாலும் நன்றாகத்தான் இருக்கிறது, அம்மா. கோகா இலைத் தேநீர் என் ஊர்ப் பழக்கம் இல்லை. நான் இதே பொலிவியாவில், வெயிலும் நெல்வயலுமாய் இருக்கிற தாழ்நிலத்தில் பிறந்தவன். இந்த எல் ஆல்ட்டோவுக்கு வந்த புதிதில், உயரம் ஒத்துக்கொள்ளாமல் தலை கிறுகிறுத்துக் கிடந்தபோது, சதுர்னினோதான் இதை எனக்குப் போட்டுக் கொடுத்தான். அன்றிலிருந்து நான் இதை விட்டதில்லை.

இந்த விபத்து விசாரணைக்கு நீங்கள் என்னைக் கூப்பிட்டனுப்பியது ஒரே ஒரு வாக்கியத்தை மொழிபெயர்க்க. பஸிலியா தன் போனிலிருந்து ஒரு பதிவை எடுத்து உங்களிடம் கொடுத்திருக்கிறாள். அவள் கணவன் சதுர்னினோ சாவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் அவளுக்கு அனுப்பிய பேச்சு அதில் இருக்கிறது. அவன் பேச்சுக்கு நடுவே வண்டியும் ஜப்பான் மொழியில் ஏதோ பேசுகிறது. அது என்னவென்று தெரிந்தால் போதும், கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பலாம் என்றீர்கள். இந்த ஊரில் ஜப்பான் மொழி தெரிந்தவன் எர்னான் கனாஷிரோ ஒருவன்தான் என்று உங்களிடம் சொன்னவளும் பஸிலியாதான். அவளுக்கு என்மேல் எப்போதும் மதிப்பு உண்டு.

மொழிபெயர்த்துத் தருகிறேன். ஆனால் வாக்கியத்தை மட்டும் தனியே பிய்த்துக் கொடுத்தால் நீங்கள் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள். முன்கதை கொஞ்சம் இருக்கிறது. மத்தியானத்துக்குள் முடித்துவிடுவேன். இன்று இறந்தவர்கள் வருகிற நாள். உங்கள் வீட்டிலும் படையல் மேசை போட்டிருப்பார்கள், நீங்களும் போகவேண்டும்.

என் தொழிலை 'இறக்குமதி' என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய வார்த்தை. ஜப்பானில் பல வருஷம் ஓடி, அங்கே யாருக்கும் வேண்டாமல் போன வேன்கள் கப்பலேறி சிலி நாட்டுக் கரைக்கு வரும். அங்கிருந்து மலையேறி என் பட்டறைக்கு வரும். அந்த மாடல்களை நம் நாட்டில் எந்தக் கடையிலும் புதிதாக விற்றதே இல்லை. நமக்கென்று செய்த வண்டிகள் அல்ல. அதனால்தான் அந்த விலை. வேன் என்றால் கண்ணால் பார்க்க மட்டுமே முடிந்த மனிதர்கள் அதற்குச் சொந்தக்காரர்கள் ஆனது என்னால். காய்கறிக்கூடை சுமந்த பெண்கள் நின்றுகொண்டு போகாமல் உட்கார்ந்து போனது என்னால். அதையும் நீங்கள் ஒரு வரி எழுதிக்கொள்ளலாம்.

மலிவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த வண்டிகளைப் பற்றிக் கேட்க இங்கே ஆள் கிடையாது. கூட வருகிற புத்தகம் ஜப்பான் மொழியில் இருக்கும். பொத்தான்களில் ஜப்பான் எழுத்து. ஸ்டியரிங் வலது பக்கம். நாமோ இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவர்கள். ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் மாற்றித் தருவதுதான் என் பட்டறையின் வேலை.

ஸ்டியரிங் பெரிய வித்தை இல்லை. பிரேக்தான் தொந்தரவு. பெடலை இடது பக்கம் கொண்டுவந்துவிடலாம். பிரேக் ஆயில் டப்பா வலது பக்கமே தங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே பைப்பை வளைத்து இழுக்கவேண்டும். முழுசாகப் புதுப் பைப் போடுவதுதான் முறை. நான் பழைய பைப்பை வெட்டி, துண்டு சேர்த்துப் பற்றவைத்தேன். இந்தத் தெருவில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். பற்றவைத்த இடம் சமதரையில் வருஷக்கணக்கில் தாங்கும். மலையிலிருந்து யுங்காஸ் பள்ளத்தாக்குக்குப் போகிற இறக்கத்தில், மணிக்கணக்காகப் பிரேக்கை மிதித்துக்கொண்டே போகும்போது, எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியாது. நான் சமதரைக்காரன்.

என்னை இங்கே எல்லாரும் சினோ என்பார்கள். சீனாக்காரன் என்று அர்த்தம். என் அப்பா அம்மா வந்தது ஜப்பானின் ஒகினாவா தீவிலிருந்து என்று ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன். வண்டி விற்க ஆரம்பித்த பிறகு 'தோன் சினோ' என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். அதற்கு மேல் திருத்துவானேன் என்று விட்டுவிட்டேன். தப்பாகவே இருந்தாலும் அன்பாகச் சொல்வதைத் திருத்துவது எனக்கு வராது.

சதுர்னினோ லாருத்தா என் கொம்பாத்ரே. அவன் மகள் யெசிக்காவுக்கு முதல் முடி எடுத்தபோது கத்திரிக்கோலைப் பிடித்தவன் நான். அன்றைக்கு ஏற்பட்ட, கூடப்பிறந்தவனுக்குச் சமமான உறவு அது. இந்த மேட்டுநிலத்தில் கொம்பாத்ரே சொன்ன வார்த்தையைச் சந்தேகப்படுவது அவனைக் கைநீட்டி அடிப்பதைவிட மோசம். உங்களுக்குத் தெரியாததா?

அவன் என்னிடம் வாங்கிய வேனுக்குப் படையல் போட்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. கண்ணாடியெல்லாம் காகிதத் தோரணம், முன்பக்கம் முழுக்கப் பூ இதழ், நாலு சக்கரத்திலும் பீர். வெடிக்கட்டு தயாராக இருந்தது. தெருவே கூடியிருந்தது. சதுர்னினோ உள்ளே ஏறி, சிலுவை போட்டுக்கொண்டு, சாவியைத் திருப்பினான். வண்டிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் மெதுவாக, மரியாதையாக, ஒரு வாக்கியம் பேசியது.

தெருவே வண்டியை நெருங்கி வந்தது. அப்புறம் சதுர்னினோ தலையை வெளியே நீட்டினான். "கொம்பாத்ரே, உள்ள யாரையாவது ஒளிச்சு வச்சு வித்துட்டியா? பஸிலியா என்னை உயிரோட விடமாட்டா."

பஸிலியா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "எவ அவ? நாங்க குடுத்த காசுல அவளும் சேர்த்தியா, தோன் சினோ? சமைப்பாளா? துணி துவைப்பாளா? சும்மா பேசிக்கிட்டு மட்டும் இருப்பான்னா இங்க ஏற்கெனவே ஒருத்தர் இருக்கார்."

சிரித்தார்கள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குப் புரிந்திருந்தது. அந்த வகை வண்டியில் ஆபத்து வந்தால் பேசுகிற கருவி ஒன்று உண்டு. டப்பாவில் ஆயிலை நான் சரியாக நிரப்பியிருக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு குவளை ஆயில் ஊற்றினால் தீர்ந்துபோகிற விஷயம். ஆனால் கையில் தீக்குச்சியோடு ஒருவன் வெடிக்கட்டின் பக்கத்தில் நின்றான். அந்த நேரத்தில் பிரேக் என்ற வார்த்தையை எடுப்பது நன்றாக இருக்காது. கல்யாண வீட்டில் எழவு பேசுவது போல.

"நல்லபடியாப் போயிட்டு வாங்க, கடவுள் துணையிருப்பார்னு சொல்றா," என்றேன்.

ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஒரு கிழவர் அழுதார். பஸிலியா முகமே மாறிவிட்டது. "பாத்துக்கங்க. பத்து வருஷத்துல இந்த மனுஷன் என்கிட்ட ஒரு நாள் நல்லபடியாப் போயிட்டு வான்னு சொன்னதில்ல. முன்னப்பின்ன தெரியாத வண்டிக்காரி சொல்றா." அன்றே அந்தக் குரலுக்கு மாமித்தா, அதாவது தாயம்மா, என்று பெயர் வைத்துவிட்டார்கள். இத்தனை சந்தோஷத்தை ஒரே வாக்கியத்தில் நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

படையல் முடிந்து எல்லாரும் சாப்பிடப் போனதும் நானே ஆயிலை நிரப்பிவைத்தேன். நான் பொறுப்பில்லாதவன் என்று நினைக்காதீர்கள்.

ஒரு வாரம் கழித்து சதுர்னினோ வாடிய முகத்தோடு வந்தான். "கொம்பாத்ரே, மாமித்தா பேசமாட்டேங்கறா. நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டனா? வேற பொம்பளை யாரையும் முன்சீட்டுல ஏத்தலையே. சனங்க கேக்கறாங்க. பேசற வண்டி எங்கன்னு கேட்டு வரிசையில நின்னவங்க, இது ஊமைன்னதும் அடுத்த வண்டிக்குப் போயிடறாங்க." கிட்டத்தட்ட அழுதுவிடுவான் போலிருந்தது.

ஆயில் டப்பாவுக்குள் ஒரு சின்ன மிதவை இருக்கும். ஆயில் குறைந்தால் அது கீழே இறங்கும். இறங்கினால் குரல் பேசும். நான் அந்த மிதவையில் ஒரு பொட்டு ஈயம் வைத்தேன். அவ்வளவு எடை இருந்தால், டப்பா நிறைந்திருக்கும்போதும் அது தொட்டும் தொடாமலும் நிற்கும். சாவியைத் திருப்பினால் ஒரு தடவை பேசும். பெரிய பள்ளத்தில் இறங்கினால் இன்னொரு தடவை. அளவாக, அழகாக. சதுர்னினோ சாவியைத் திருப்பிக் கேட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டான்.

பிறகு மற்ற ஓட்டுநர்களும் வந்தார்கள். பேசுகிற வண்டிதான் வேண்டும் என்றார்கள். பேசாத வண்டிகளுக்கு, உடைக்க வந்த வண்டிகளிலிருந்து கருவியைக் கழற்றிப் பொருத்தினேன். எல்லாவற்றிலும் ஈயம் வைத்தேன். யுங்காஸுக்குப் போகிற வேன்கள் நிற்கிற வரிசையில் காலை நேரத்தில் போய் நின்று பாருங்கள், அம்மா. ஒவ்வொரு வண்டியாக உயிர்பெறும். ஒவ்வொன்றிலும் அதே குரல் அதே வாக்கியத்தைச் சொல்லும். உள்ளே இருக்கிறவர்கள் எல்லாரும் ஒன்றாக "ஆமென், மாமித்தா" என்பார்கள். கோயிலில்கூட அப்படி ஒரே குரலாக வராது. நான் சில நாள் அதைக் கேட்பதற்காகவே அங்கே போயிருக்கிறேன்.

இதில் யாருக்கும் கெடுதல் வந்ததாக எனக்குத் தெரியாது. அதாவது, யுங்காஸ் பாதையில் வண்டிகள் விழுவது புதிதல்ல. மூடுபனி இருக்கிறது, மழை இருக்கிறது, மண்சரிவு இருக்கிறது. விழுந்தவற்றில் என் வண்டிகளும் இருந்தன. என் வண்டிகள்தான் அதிகம் ஓடின. அப்படியென்றால் அவைதான் அதிகம் விழும். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

தொந்தரவு மினாக்கோ என்ற பெண்ணால் வந்தது. ஜப்பானிலிருந்து வந்து காப்பித் தோட்டக்காரர்களுக்கு ஏதோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள். நல்ல பெண் என்றுதான் கேள்வி. ஒரு நாள் சதுர்னினோவின் வண்டியில் ஏறினாள். இறக்கம் தொடங்குகிற இடத்தில் வண்டி பள்ளத்தில் இறங்கி ஏற, மாமித்தா பேசினாள். இந்தப் பெண் எழுந்து நின்று, நிறுத்து நிறுத்து என்று கத்தி, கதவைத் திறக்கப் போயிருக்கிறாள். எல்லாருமாகப் பிடித்து உட்காரவைத்தார்களாம்.

மறுநாள் சதுர்னினோ பட்டறை வாசலில் சாய்ந்துகொண்டு சிரித்தான். "கொம்பாத்ரே, உங்க சாதிசனப் பொண்ணு ஒண்ணு என் வண்டியில ஏறி மானத்தை வாங்கிடுச்சு. மாமித்தா பிரேக் போச்சுன்னு சொல்றாளாம். வண்டியை நிறுத்தச் சொல்றாளாம். சனங்க பயந்துட்டாங்க."

என் வாயில் பதில் தானாக வந்தது. "அவ டோக்கியோக்காரி. இது எங்க தீவுப் பேச்சு, பழைய பேச்சு. அவளுக்குப் பாதிதான் புரியும்."

"அதானே! நான் அதைத்தான் சொன்னேன். எங்க ஐமாரா பேச்சையே ஏரிக்கரைக்காரன் பேசினா எனக்குப் பாதி புரியாது. இவ நேத்து வந்தவ, இவளுக்கு என்ன தெரியும்." அவன் என் தோளில் தட்டினான். "வெள்ளிக்கிழமை டிரைவர் சங்கத்துக்கு வந்துடு. அந்தப் பொண்ணையும் வரச் சொல்லியிருக்கேன். எல்லார் முன்னாலயும் வண்டியைப் பேசவிட்டு, நீ ஒரு பக்கம் சொல்லு, அவ ஒரு பக்கம் சொல்லட்டும். உன் பேர்ல பீர் பந்தயம் கட்டியிருக்கேன், கொம்பாத்ரே. என் கழுத்தை அறுத்துடாத."

அவனுக்கு என்மேல் சந்தேகம் துளிகூட இல்லை. அதுதான் சங்கடம். சந்தேகப்பட்டிருந்தால் கோபப்பட்டு ஏதாவது சொல்லியிருப்பேன், சண்டை வந்திருக்கும், சண்டையில் உண்மையும் வந்திருக்கும். அவன் நம்பியதால் எனக்கு ஒரு வழியும் இல்லாமல் போயிற்று.

வியாழக்கிழமை காலை, வழக்கம்போல, வரிசைக்குப் போகும் வழியில் பட்டறைக்கு முன்னால் நிறுத்தினான். இருவரும் நின்றபடியே ஆப்பி என்கிற சூடான சோளக்கஞ்சி குடித்தோம். இரவு முழுக்க மழை பெய்திருந்தது, தெருவெல்லாம் ஈரம். அவன் வண்டிக்கு அடியிலும் ஈரம். மழைத்தண்ணீரில் ஆயில் படிந்தால் நிறம் நிறமாகத் தெரியும். தெரிந்தது. நான் பற்றவைத்த இடத்துக்கு நேர் கீழே.

"மாமித்தா இன்னைக்கு வாயை மூடவே மாட்டேங்கறா," என்றான். "கிளம்பினதுல இருந்து சொல்லிக்கிட்டே இருக்கா. நாளைக்கு நாமதான் ஜெயிக்கப்போறோம்னு அவளுக்கே தெரிஞ்சிருச்சு போல."

நான் அவனிடம் "கவனமாப் போ, கொம்பாத்ரே" என்றேன். இதை நீங்கள் அவசியம் எழுதிக்கொள்ள வேண்டும். கவனமாகப் போகச் சொன்னேன்.

மற்றது உங்களுக்குத் தெரியும். கணவாயில் எல்லா ஓட்டுநர்களையும் போல அவனும் நிறுத்தி, மலைக்கும் சக்கரங்களுக்கும் சாராயம் ஊற்றினான். அங்கிருந்துதான் பஸிலியாவுக்கு அந்தப் பேச்சை அனுப்பினான். நீங்கள் இப்போது போட்டுக் காட்டினீர்களே: "பஸி, கேளு, கேளு, இன்னைக்கு ஓயாம ஆசீர்வாதம் பண்றா." பிறகு மாமித்தாவின் குரல். பிறகு வண்டி முழுக்க "ஆமென்." அதில் குழந்தைகள் குரலும் இருக்கிறது. நான் இன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.

இறக்கத்தில் விழுந்த வண்டியைப் பள்ளத்தாக்கிலிருந்து மேலே கொண்டுவந்தபோது அதில் சாராய வாசனை அடித்தது. பாட்டில் உடைந்திருந்தது. குடித்துவிட்டு ஓட்டினான் என்று உங்கள் ஆட்கள் எழுதினார்கள், ரேடியோவும் சொன்னது. சதுர்னினோ தன் மகளின் முடி எடுப்பில்கூட ஒரு கிளாஸுக்கு மேல் தொடாதவன். அது எனக்குத் தெரியும். என்னை யாரும் கேட்கவில்லை. செத்தவனுக்கு ஒரு பழி கூடுதலாக வந்தால் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தேன். உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான் தொழில் வேண்டும். வெள்ளிக்கிழமை சங்கக் கூட்டம் நடக்கவில்லை. மினாக்கோ அந்த மாதமே ஊருக்குத் திரும்பிவிட்டாள்.

ஆனால் பஸிலியாவால் அப்படி விடமுடியவில்லை. சந்தையில் அவளைக் குடிகாரன் பெண்டாட்டி என்றார்கள். அவன் வண்டியில் இறந்தவர்களின் குடும்பத்தார் அவள் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினார்கள். "என் புருஷன் குடிக்கலன்னு யாராவது ஒரு வார்த்தை சொல்லணும், கொம்பாத்ரே," என்று என்னிடம் வந்து அழுதாள். "அன்னைக்கு எவ்வளவு சந்தோஷமாப் போனாருன்னு என்கிட்ட இருக்கு. அவர் குரல் இருக்கு. குடிச்சவன் குரலா அது? மாமித்தா கூட இருந்தா. அவ என்ன சொன்னான்னு நீ வந்து சொல்லு. கடவுள் துணைன்னு சொன்ன வண்டியைக் குடிகாரன் ஓட்டுவானா?"

அவள் அந்தப் போனைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு அலுவலகமாக அலைந்து, கடைசியில் உங்கள் மேசைக்கு வந்திருக்கிறாள். அதற்காகத்தான் நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். 'பிரேக் ஆயில் குறைந்துவிட்டது. பாதுகாப்பான இடத்தில் உடனே வண்டியை நிறுத்துங்கள்.' கடைசியில் தயவுசெய்து என்பது போல ஒரு சொல் வரும். அவள் எப்போதும் மரியாதையாகத்தான் சொன்னாள்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அம்மா. என் மனசும் கல் இல்லை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சதுர்னினோ போன பிறகு பஸிலியாவும் யெசிக்காவும் கையில் ஒன்றுமில்லாமல் நின்றார்கள். நான் அவர்களுக்கு ஒரு வேன் கொடுத்தேன். சும்மா கொடுத்தேன், ஒரு காசு வாங்கவில்லை. அவளுக்கு ஓட்டத் தெரியும். கணவனுக்கு உடம்பு முடியாத நாட்களில் அவள்தான் ஓட்டுவாள். அந்த வண்டிக்கும் பைப்பைப் பற்றத்தான் வைத்தேன், பழக்கம் அது. ஆனால் அதில் ஒரு வேலை செய்தேன். செய்தேன் என்பதைவிட, ஒரு வேலையைச் செய்யாமல் விட்டேன். மிதவையில் ஈயம் வைக்கவில்லை. சதுர்னினோவை நினைத்துத்தான் அப்படி விட்டேன். யுங்காஸ் வரிசையிலேயே அந்த ஒரு வண்டி மட்டும், பேசினால் உண்மையாகத்தான் பேசும்.

அது பேசவே இல்லை. பஸிலியாவுக்கு வருத்தம். "எனக்கு மட்டும் ஊமை வண்டியா குடுத்தே? அவரோடயே அவளும் போயிட்டாளா?" என்று கேட்பாள். நான் சிரித்துவைப்பேன்.

இன்று காலை நான் உங்களிடம் வரக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவள் வேனைக் கொண்டுவந்து பட்டறை முன்னால் நிறுத்தி, ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் கண்ணீர். சிரிப்பும் இருந்தது.

"பேசிட்டா, கொம்பாத்ரே! இன்னைக்குப் பேசிட்டா! சாவியைத் திருப்பினதுல இருந்து பேசிக்கிட்டே இருக்கா. மத்தியானம் அவர் வர்ற நாள் இது. அவர்தான் அனுப்பியிருக்கார். என்ன சொல்றா? அதேதானா? அன்னைக்குச் சொன்ன அதேதானா?"

சதுர்னினோ செத்து இதுதான் முதல் வருஷம். புது ஆவிக்கு வழி தெரியாது. விழுந்த இடத்துக்கே போய், நண்பகலுக்குள் ரொட்டியும் பழமும் வைத்து எதிர்கொண்டு அழைக்கவேண்டும் என்பது உங்கள் வழக்கம். அவள் அங்கேதான் கிளம்பியிருந்தாள். அண்ணன் தம்பிகள், அத்தைமார்கள் என்று வண்டி நிறைய ஆட்கள். என் கத்திரியால் முதல் முடி எடுத்த யெசிக்கா முன்சீட்டில் இருந்தாள், மடியில் ஒரு ரொட்டிப் பொம்மை. என்னைப் பார்த்துக் கையாட்டினாள்.

சக்கரத்தடியில் ஈரம் இருந்தது. பீர் ஊற்றியிருந்தார்கள், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. எனக்கு வாசனை தெரியும்.

ஒரு விதவை அந்த மாதிரி ஒரு நாளில், அப்படி ஒரு முகத்தோடு கேட்கிறாள். பிரேக் ஆயில் என்று எப்படிச் சொல்ல முடியும்? சொன்னால் முதலிலிருந்து எல்லாவற்றையும் தெருவில் நின்று சொல்லவேண்டியிருக்கும். உங்களிடம் வந்து முறையாக, வரிசையாகச் சொல்வதுதான் சரி என்று பட்டது. ஒரு விஷயத்தை ஒரே தடவை சொன்னால் போதுமே.

"அதேதான்," என்றேன். அவள் என் கையில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

உட்காருங்கள், அம்மா. யாருக்குப் போன் போடுகிறீர்கள்? கணவாயைத் தாண்டினால் போன் எடுக்காது. அங்கே நிறுத்திச் சக்கரத்துக்குச் சாராயம் ஊற்றுவாள், அதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். ஆனால் நான் தேநீர் குடித்து முடிப்பதற்குள் தாண்டியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

என்னை அப்படிப் பார்க்காதீர்கள். பஸிலியாவுக்கு நான் எந்தக் கெடுதலும் நினைத்ததில்லை. இத்தனை வண்டிகளில் அவளுடைய வண்டியில் மட்டும்தான் நான் பொய் வைக்கவில்லை.